பயனாளி வழி ஒருங்கிணைப்பு

ஒரு விமானம் தரையை விட்டுக் கிளம்ப இறக்கை வேண்டும், எஞ்சின் வேண்டும், ஓடுபாதை வேண்டும் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். நானும் அப்படி நம்பித்தான் லைசென்ஸ் வாங்கினேன். எங்கள் விமான நிலையத்தில் இதெல்லாம் இருந்தாலும் கிளம்ப முடியாது. இரண்டு கட்டடங்கள் மனசு வைக்க வேண்டும்.

நான் ஒன்றும் பெரிய விமானி இல்லை. என் அண்ணனும் அண்ணியும் கோழிக்குஞ்சு பொரிக்கும் பண்ணை வைத்திருக்கிறார்கள். முட்டையிலிருந்து வந்த அன்றே குஞ்சுகளைத் துளை போட்ட அட்டைப்பெட்டிகளில் அடுக்கி, மலைக்கு அந்தப் பக்கம் உள்ள வளர்ப்புக்காரர்களுக்கு அனுப்புவார்கள். சாலை வழியே போனால் பாதி வழியிலேயே செத்துப்போகும். அதனால் ஒரு பழைய சின்ன விமானம் வாங்கி, அதற்கு என்னை ஓட்டுநராகப் போட்டார்கள். பெட்டிகளோடு பின்னால் உட்கார்ந்து வருகிறவர் அண்ணி. அனுப்பிவிட்டு வீட்டில் சும்மா இருக்க அவருக்கு மனசு வராது.

பிறந்த குஞ்சு பசியைத் தாங்கும், தாகத்தைத் தாங்கும். சூட்டை மட்டும் தாங்காது. பறந்துகொண்டே இருந்தால் உள்ளே காற்று வரும், பிரச்சினை இல்லை. வெயிலில் நின்றால் எங்கள் விமானம் அடுப்பு. ஆகவே எங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: நிற்காமல் கிளம்ப வேண்டும்.

இப்போது அந்த இரண்டு கட்டடங்கள். ஒன்று டவர். அங்கே இருப்பவர்கள் கண்ணாடி வழியாக ஓடுபாதையைப் பார்த்து "கிளம்பு" என்பார்கள். இன்னொன்று ரேடார். அங்கே ஜன்னலே கிடையாது. கிளம்பிப் போன விமானங்களைத் திரையில் புள்ளிகளாகப் பார்த்து "இப்படித் திரும்பு, அப்படி ஏறு" என்பார்கள். டவர் எந்த விமானத்தை விடுவதாக இருந்தாலும் முதலில் ரேடாரிடம் போனில், "ஒண்ணு அனுப்பறோம், எடுத்துக்கறீங்களா?" என்று கேட்க வேண்டும். ரேடார் "அனுப்புங்க" என்று சொன்னால் அதற்குப் பெயர் ரிலீஸ். இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் ஒரு பூச்செடி வரிசைதான். இங்கே தும்மினால் அங்கே கேட்கும்.

அப்படியும் ஒரு நாள் டவர் அனுப்பிய விமானம் ரேடாருக்குத் தெரியாமல் போயிற்று. அதே இடத்துக்கு ரேடார் இன்னொரு விமானத்தை அனுப்பிவைத்தது. எதிர் விமானத்தில் ஒருவர் படித்துக்கொண்டிருந்த பத்திரிகையின் தலைப்பைத் தன்னால் படிக்க முடிந்தது என்று ஒரு பயணி வாக்குமூலம் கொடுத்தார். டவர் "போன்ல சொன்னோம்" என்றது. ரேடார் "போனே வரலை" என்றது.

விசாரணைக் குழு போட்டார்கள். குழு கூடிக் கூடிக் கலைந்து, கடைசியில் உண்மையான குற்றவாளியைக் கண்டுபிடித்தது. போன் என்று ஒன்று இருப்பதால்தானே "சொன்னேன்", "சொல்லலை" என்ற தகராறே வருகிறது? போனை எடுத்துவிட்டால் தகராறு எங்கிருந்து வரும்? எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக வந்ததுதான் 'பயனாளி வழி ஒருங்கிணைப்பு'. கிளம்ப வேண்டும் என்று ஆசைப்படுகிற விமானி எவரோ, அவரே டவருக்கும் ரேடாருக்கும் நடுவில் செய்தி கொண்டுபோக வேண்டும். விமானத்தில்தான் இரண்டு ரேடியோ இருக்கிறதே, அப்புறம் என்ன? திறப்பு விழாகூட நடந்தது. ரிப்பன் கட்ட வேறு இடம் கிடைக்காமல் பூச்செடிகளில் கட்டினார்கள்.

விழாவுக்குப் பிறகு சில நாள் எங்கள் விமானம் பழுதில் கிடந்தது; எங்களுக்கு இதுதான் முதல் நாள். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. ஓடுபாதை ஓரத்தில் போய் நின்றேன்.

"டவர், குஞ்சு விமானம். கிளம்பத் தயார்."

"வணக்கம். ரேடார்கிட்ட ரிலீஸ் வாங்கிட்டீங்களா?"

இரண்டாவது ரேடியோவை எடுத்தேன். "ரேடார், குஞ்சு விமானம். ரிலீஸ் வேணும் சார்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"ரிலீஸ் டவருக்குக் குடுக்கறது. உங்களுக்கு எப்படிக் குடுக்க முடியும்?"

"டவர்தான் சார் வாங்கச் சொன்னாங்க."

"அவங்க சொன்னதை அப்படியே சொல்லுங்க, பார்க்கலாம்."

"'ரிலீஸ் வாங்கிட்டீங்களா'ன்னு கேட்டாங்க."

"அது உங்க நலம் விசாரிச்சது. எங்ககிட்ட கோரிக்கை வெச்ச மாதிரி தெரியலையே."

திரும்பவும் டவர். கோரிக்கையாகச் சொல்ல வேண்டுமாம் என்றேன். டவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நாங்க கோரிக்கை வைக்கறதா? டவர் யார்கிட்டயும் கோரிக்கை வைக்காது. தகவல்தான் குடுக்கும். தகவல்னு சொல்லுங்க."

தகவல் என்று சொன்னேன். "தகவல் கிடைச்சது, நன்றி" என்று சொல்லிவிட்டு ரேடார் கிணற்றில் போட்ட கல்லாக இருந்துவிட்டது.

பின்னாலிருந்து அண்ணியின் குரல். "என்ன தம்பி, வண்டி நகரவே இல்லை?"

"ரெண்டு பேரும் நேரா பேசிக்க மாட்டாங்களாம் அண்ணி. என்னை விட்டுப் பேசறாங்க."

"அடக் கடவுளே! எங்க வீட்ல அம்மாவும் அப்பாவும் சண்டை போட்டா என்னைத்தான் நடுவுல விடுவாங்க. 'சாப்பாடு ஆறுதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு.' 'பசிக்கலைன்னு உங்கம்மாகிட்ட சொல்லு.' கடைசில பட்டினி கிடக்கறது யாரு? நான்தான்." பெட்டி மூடியால் விசிறிக்கொண்டே பேசினார். அப்புறம் அவர் குரல் மாறிற்று. "தம்பி, குஞ்சுங்க வாயைப் பிளக்குதுங்கடா. சீக்கிரம் ஏதாவது பண்ணு."

என்ன பண்ணுவது? "டவர் சார், உள்ளே குஞ்சுங்க சாகுது" என்றேன். "இது ரேடாருக்கான செய்தியா, எங்களுக்கான செய்தியா?" என்று கேட்டார்கள். விமானத்தைத் திருப்பிக்கொண்டு வந்து நிழலில் நிறுத்தினேன். செத்ததையெல்லாம் அண்ணி தனியாக ஒரு பெட்டியில் எடுத்து வைத்தார். எண்ணவில்லை. எண்ணினால் அழுகை வந்துவிடும் என்றார். எண்ணாமலேயே அழுதார்.

அழுது முடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வா தம்பி. அந்த ரெண்டு கட்டடத்துக்கும் தலைவரா இருக்கற மகராசனுங்களையும் ஒரு பார்வை பார்த்துட்டு வருவோம்."

டவர் பெரியவர் அவர் அறையில் இல்லை. ரேடார் பெரியவரும் அவர் அறையில் இல்லை. இரண்டு பேரும் கேண்டீனில் இருந்தார்கள். ஒரே மேஜையில், எதிரும் புதிருமாக உட்கார்ந்து, ஒருவர் டிபன் பாக்ஸிலிருந்து இன்னொருவர் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்!

"உட்காருங்கம்மா" என்றார் டவர் பெரியவர், வாய் நிறைய. "இவர்தான் ரேடார் பெரியவர். ஒரே நாள்ல வேலைக்குச் சேர்ந்தோம். இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரை விட்டு ஒருத்தர் சாப்பிட்டதில்லை."

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார் அண்ணி. "சார், இவர்கிட்ட இப்பவே ஒரு வார்த்தை சொல்லுங்க. எங்க விமானத்தை எடுத்துக்கச் சொல்லி."

இருவரும் கையை எடுத்துவிட்டார்கள். சாப்பாட்டில் முடி கிடந்தால்கூட மனிதர்கள் அப்படி முகம் சுளிக்க மாட்டார்கள்.

"அம்மா, சாப்பிடற இடத்துல ஆபீஸ் விஷயம் பேசினா நட்பு கெட்டுப்போயிடும்" என்றார் டவர் பெரியவர். "போன் இருந்த காலத்துல நாங்க பேசாத பேச்சில்லை. தினமும் சண்டை. எனக்கு ரத்தக்கொதிப்பு. போனை எடுத்த பிறகு பாருங்க, அண்ணன் தம்பி மாதிரி இருக்கோம்."

"எனக்கு இப்பத்தான் ராத்திரி நிம்மதியாத் தூக்கம் வருது" என்றார் ரேடார் பெரியவர், நெஞ்சைத் தடவிக்கொண்டு. "அதைவிட முக்கியம் ஒண்ணு சொல்றேன். புது முறை வந்ததுலேர்ந்து ஒருங்கிணைப்புல ஒரு தப்புகூடப் பதிவாகலை. எப்படி? ஒருங்கிணைப்பே நடக்கலை. நடக்காததுல தப்பு எங்கேர்ந்து வரும்?"

"விமானமும் கிளம்பலையே சார்."

"கிளம்பாத விமானத்தைவிடப் பத்திரமான விமானம் உண்டாம்மா? நீங்களே சொல்லுங்க."

"குஞ்சுங்க செத்துப்போச்சு சார். காலைல பொறந்ததுங்க."

டவர் பெரியவர் இரக்கத்தோடு தலையை ஆட்டினார். "எனக்குப் புரியுது. ஆனா பறவைங்கன்னா வெளியேர்ந்து எஞ்சின்ல மோதினாத்தான் எங்க கணக்குல வரும். உள்ளே உட்கார்ந்து வர்றது வராது."

செவிடன் காதில் ஊதின சங்கு என்பார்கள். செவிடனாவது காதில் ஏதோ காற்றுப் படுகிறதே என்று திரும்பிப் பார்ப்பான்.

இருந்தாலும் எங்களை வெறுங்கையோடு அனுப்பவில்லை. பயனாளிகளுக்கு ஒரு பயிற்சி வகுப்பு இருக்கிறது, சேர்ந்துகொள்ளுங்கள் என்றார்கள். சேர்ந்தேன். வேறு வழி? அங்கே எனக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான்: செய்தியை அப்படியே கொண்டுபோக வேண்டும், வார்த்தையை மட்டுமல்ல, குரலையும். டவர் எரிந்து விழுந்தால் நானும் ரேடாரிடம் எரிந்து விழ வேண்டும். அப்போதுதான் செய்தி சேதாரமில்லாமல் போகுமாம்.

பயிற்சி நன்றாகவே பலன் கொடுத்தது. அதற்குப் பிறகு தினமும் காலையில் ஓடுபாதை ஓரத்தில் நின்றுகொண்டு, "உங்களுக்கெல்லாம் புத்தி எங்கே போச்சு?" என்று ரேடாரைக் கேட்பேன். "உங்க புத்தியை முதல்ல பார்த்துக்கங்க" என்று டவரிடம் வந்து சொல்வேன். இரண்டு பக்கமும் என்னைத்தான் திட்டினார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதைச் சின்ன வயதில் படித்தபோது நான் மத்தளத்தைப் பற்றி ரொம்ப யோசித்ததில்லை. இப்போது அதன் கஷ்டம் தெரிகிறது. அண்ணி விடியும் முன்பே பெட்டிகளை ஏற்றி, ஈரத்துணி போர்த்தி, வெயில் ஏறுவதற்குள் திட்டு வாங்கி முடித்துவிட வேண்டும் என்று என்னை விரட்டுவார். சில நாள் கிளம்புவோம். சில நாள் அந்தத் தனிப் பெட்டி நிறையும்.

ஒரு நாள் என்ன அதிர்ஷ்டமோ, வாசகம், குரல், எரிச்சல் எல்லாம் சரியாக அமைந்து ரிலீஸ் சட்டென்று கிடைத்துவிட்டது. அண்ணி கைதட்டினார். ஓடினேன், ஏறினேன். டவர், "ரேடார்கிட்ட பேசுங்க, போயிட்டு வாங்க" என்று வழியனுப்பியது.

"ரேடார், குஞ்சு விமானம். கிளம்பிட்டேன், ஏறிக்கிட்டிருக்கேன்."

"இல்லையே. நீங்க இன்னும் கிளம்பலையே."

"சார், நான் மேலே இருக்கேன். கீழே வீடெல்லாம் சின்னதாத் தெரியுது."

"ரிலீஸ் குடுத்தது வாஸ்தவம். ஆனா கிளம்பிட்டீங்கன்னு டவர் எங்களுக்குச் சொல்லலை. அவங்க சொல்ற வரைக்கும் நீங்க தரையிலதான்."

"அவங்க யார் மூலமா சொல்லணும்?"

"உங்க மூலமா."

"அதைத்தான் சொல்றேன், கிளம்பிட்டேன்!"

"இது நீங்க சொல்றது. டவர் சொன்னாங்கன்னு வாங்கிட்டு வந்து சொல்லுங்க."

மறுபடி டவரைக் கூப்பிட்டேன். "உங்களைத்தான் ரேடார்கிட்ட ஒப்படைச்சாச்சே, இனிமே நீங்க அந்த வீட்டு ஆள்" என்று சொல்லி டவர் கதவைச் சாத்திக்கொண்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்கள். இங்கே பூசாரியும் கொடுத்து, சாமியும் கொடுத்து, வரம் என்னிடம் வந்து சேரவில்லை.

"சார், உங்க திரையில என் புள்ளி தெரியலையா?"

"ஒரு புள்ளி தெரியுது. அது யாருன்னு தெரியலை. யாருன்னு தெரியாத புள்ளியை நாங்க கணக்குல எடுத்துக்கறதில்லை."

"அந்தப் புள்ளி நான்தான் சார்!"

"புள்ளிங்க தானா வந்து அறிமுகம் பண்ணிக்கறதுக்கு விதி இல்லை. கொஞ்சம் இருங்க, பெரிய விமானம் ஒண்ணு ஏறுது, அவருக்கு வழி சொல்லிட்டு வர்றேன்." அப்புறம் அதே குரல், வெண்ணெய் தடவினாற்போல, "பெரிய விமானமே, இடது பக்கம் திரும்பி ஏறலாம். எதிர்ல யாரும் இல்லை" என்றது.

யாரும் இல்லை என்றால் நாங்கள்.

"தம்பி!" என்று அலறினார் அண்ணி. முன் கண்ணாடிக்கு நேரே, மலை முகட்டைச் சுற்றிக்கொண்டு அது வந்தது. நான் ரேடியோவில் "ரேடார், ரேடார்" என்று கத்துகிறேன். "குறுக்கே பேசாதீங்க" என்கிறார்கள். என் தோளுக்கு மேலே கையை நீட்டி அண்ணி மைக்கைப் பிடுங்கிவிட்டார்.

"ஏங்க, பெரிய வண்டிக்காரரே! எதிர்ல பாருங்க! கண்ணுக்கு நேரா பாருங்க! சின்ன வண்டி, நாங்க!"

"வலது பக்கம் திரும்பச் சொல்லுங்க அண்ணி, நானும் வலது பக்கம் திரும்பறேன்!"

"உங்க வலது பக்கம் ஒடிங்க! நாங்களும் எங்க வலது பக்கம் ஒடிக்கறோம்! யோசிக்காதீங்க, ஒடிங்க!"

அந்தக் கேப்டன் நல்ல மனிதர். யார், எந்த அலுவலகம், எந்த விதி என்று எதுவும் கேட்கவில்லை. ஒடித்தார். அவர் ஜன்னல்களில் முகங்கள் தெரிந்தன. ஒரு குழந்தை எங்களுக்குக் கை காட்டியது. அவர் கிளப்பிய காற்றில் எங்கள் விமானம் முறத்தில் போட்ட பயறு மாதிரி குலுங்கியது. பின்னால் பெட்டிகள் சரிந்தன. எனக்கு உயிர் தொண்டைக்கு வந்து திரும்பிப் போயிற்று. அண்ணி என் தோளைப் பிடித்த பிடியை விடவே இல்லை. அழுதாரா சிரித்தாரா என்று சொல்லத் தெரியவில்லை.

ரேடியோவில் ரேடாரின் குரல் வந்தது. "அனுமதி இல்லாம ஒரு பெண் குரல் கேட்குது. தயவுசெய்து ரேடியோ ஒழுக்கத்தைக் கடைப்பிடிக்கவும்."

விசாரணை நடந்தது. நடக்காமல் இருக்குமா? டவர் மேல் தப்பில்லை என்று தீர்மானித்தார்கள். அவர்கள் என்னை முறையாக ஒப்படைத்துவிட்டார்கள். ரேடார் மேலும் தப்பில்லை. பதிவேட்டின்படி நான் தரையில் இருந்தேன், தரையில் இருக்கிற விமானம் வானத்தில் யார் மேலும் மோத முடியாது. அப்படியானால் மிச்சம் இருப்பது யார்?

விசாரணைத் தலைவர் அண்ணியை நிற்கவைத்துக் கேட்டார். "நீங்க விமானி இல்லை. கட்டுப்பாட்டு அதிகாரியும் இல்லை. எந்தத் தகுதில அவ்வளவு பெரிய விமானத்தைத் திரும்பச் சொன்னீங்க?"

"கண்ணு இருந்துது சார். பார்த்தேன்."

"கண்ணு ஒரு அங்கீகரிக்கப்பட்ட கருவி இல்லையேம்மா."

"பார்க்காம இருந்திருந்தா அத்தனை பேரும் போயிருப்பாங்களே சார்!" என்றார் அண்ணி. "குழந்தை ஒண்ணு கை காட்டிச்சு சார் அதுல."

தலைவர் தண்ணீர் குடித்தார். பிறகு எழுந்து நின்று பேசினார். "உணர்ச்சிவசப்படக் கூடாது. நடந்தது என்ன? ரெண்டு விமானம், டவரையும் கேட்காம, ரேடாரையும் கேட்காம, தாங்களே பேசி, தாங்களே ஒதுங்கிக்கிட்டாங்க. இது எவ்வளவு ஆபத்தான முன்னுதாரணம்! இன்னிக்கு ரெண்டு பேர் ஒதுங்குவாங்க. நாளைக்கு எல்லாருமே ஒதுங்குவாங்க. அப்புறம் நாங்கெல்லாம் எதுக்கு இருக்கோம்?"

தலைவரே அதைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தார். கடைசி வாக்கியத்தைப் பதிவிலிருந்து எடுத்துவிடச் சொன்னார்.

விதிமீறலுக்குப் பயன்பட்ட கருவிகள் என்று எங்கள் ரேடியோ இரண்டையும் கழற்றிக்கொண்டு போகத் தீர்ப்பு. இரண்டு பேர் வந்து, திருகாணி முதற்கொண்டு எடுத்துப்போனார்கள். ரேடியோ இல்லாமல் டவரிடம் எப்படிப் பேசுவது, ரேடாரிடம் எப்படித் திட்டு வாங்குவது? "பண்ணையை மூட வேண்டியதுதான்" என்றார் அண்ணன். அண்ணி அன்று சாப்பிடவே இல்லை.

முட்டைக்குத் தீர்ப்பு தெரியுமா? மறுநாளும் குஞ்சு பொரிந்துவிட்டது. பொரிந்ததைத் தூக்கியா போட முடியும்? ஏதோ ஒரு அசட்டுத் துணிச்சலில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போய், ஓடுபாதை ஓரத்தில் ஊமை மாதிரி நின்றோம். நின்ற மாத்திரத்தில் டவரின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பச்சை விளக்கு ஒன்று மின்னியது. நான் நம்பவில்லை. மறுபடியும் மின்னியது.

பிறகு விசாரித்தபோதுதான் தெரிந்தது. ரேடியோ இல்லாத விமானத்துக்குப் பச்சை விளக்கு காட்டி அனுப்பிவிடலாம் என்று ஆதி காலத்து விதி ஒன்று இருக்கிறது, அதை யாரும் ரத்து செய்யவில்லை. பயனாளி வழி ஒருங்கிணைப்போ ரேடியோ உள்ள விமானங்களுக்கு மட்டும். பேச முடியாதவன் செய்தி கொண்டுபோக முடியாது அல்லவா? ஆகவே எங்களுக்கு ரிலீஸ் தேவையில்லை.

அன்றிலிருந்து நாங்கள் ஒரு நாளும் வெயிலில் நின்றதில்லை. குஞ்சுகள் அத்தனையும் உயிரோடு போய்ச் சேருகின்றன. வளர்ப்புக்காரர்கள் அண்ணியைக் கைராசிக்காரி என்கிறார்கள். நாங்கள் வானத்தில் இருப்பது ரேடாருக்குத் தெரியாது. சொல்ல டவருக்குப் போனும் இல்லை, நானும் இல்லை.

அண்ணி இப்போது பெட்டிகளோடு உட்காருவதில்லை. முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஏறினதிலிருந்து இறங்குகிற வரைக்கும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வருகிறார். "தம்பி, மேலே ஒண்ணு." இறங்குவேன். "தம்பி, இடது பக்கம் தூரத்துல." ஒதுங்குவேன். இரண்டு கட்டடம் செய்ய வேண்டிய வேலையை ஒரு மனுஷி செய்கிறார். தூக்கத்தில்கூட "வலது, வலது" என்று கத்துகிறாராம். அண்ணன் சொன்னார். எனக்கும் பயம்தான். தினமும் பயம்தான். ஆனாலும் பச்சை விளக்கைப் பார்த்ததும் கை தானாக எஞ்சினுக்குப் போகிறது.

போன வாரம் இறங்கி வரும்போது ஒரு ஆள் எங்களை வழிமறித்தார். சீருடை, தோளில் பட்டை. அன்றைக்கு ஒடித்தாரே, அந்தப் பெரிய விமானத்துக் கேப்டன். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் அண்ணிக்குக் கை கூப்பினார். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, எங்களை மணிக்கணக்கா நிறுத்திவைக்கறாங்க. பயணிங்க என்னை அடிக்க வர்றாங்க. எங்க ரேடியோவையும் கழட்டிட்டுப் போகணும்னா யாருக்கு மனு போடணும்?"

அண்ணி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"மனு கிடக்கட்டும்ங்க. முன்னாடி உட்கார்ந்து பார்க்கறதுக்கு உங்களுக்கு அண்ணி யாராவது இருக்காங்களா?"

பாவம், கேப்டனின் முகம் வாடிப்போயிற்று.

"எங்க வீட்ல நான்தாங்க மூத்தவன்" என்றார்.